மறு: ‘ஃபெடரலிஸ்ட் பார்ட்டி’க்குக் ‘கூட்டாட்சிக் கட்சி’ பொருந்துமா?

வணக்கம்.

அமெரிக்கா உருவான புதிதில் இருந்த ‘ஃபெடரலிஸ்ட் பார்ட்டி’க்கு முந்தைய மடலில் ‘கூட்டாட்சிக் கட்சி’ என்று தமிழ் தந்திருந்தீர்கள்; சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ஆனால் கூட்டாட்சி என்றதும் நம் காதில் விழுவது என்ன? தில்லியிடம் மாநிலங்கள் அதிகாரம் கேட்பது. அக்கட்சியின் தலைவரும் நிதியமைச்சருமான ஹாமில்டன் கேட்டதோ நேர் தலைகீழ்: மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனை நடுவரசு ஏற்க வேண்டும், தேசிய வங்கி வேண்டும், வரி போடும் கை வலுக்க வேண்டும்.

என் கட்டுரை வரைவில் இந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள், 1794 விஸ்கி கலகப் பத்தியில் விரலை வைத்து, “மாமா, கூட்டாட்சிக் கட்சின்னா ஏன் இப்படிப் படை அனுப்பறாங்க?” என்றாள். 1791இல் விஸ்கிக்கு வரி. மேற்குப் பென்சில்வேனிய விவசாயிக்குத் தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோவதைவிட, காய்ச்சிச் சாராயமாக்கி அனுப்புவது லாபம். அவன் வரி கட்ட மறுத்தான். அடக்கச் சுமார் 13,000 பேர் கொண்ட படை. கொஞ்ச தூரம் அதிபர் வாஷிங்டனே கூடப் போனார். அவள் கேட்டதில் தப்பில்லை, என் சொல்தான் தப்பு.

வெளிநாட்டுத் தகராறு வந்ததும் குழப்பம் இன்னும் கூடுகிறது. 1793இல் பிரிட்டனும் பிரான்சும் மோத, வாஷிங்டன் நடுநிலை என்றார். ஹாமில்டன் தரப்பு பிரிட்டன் பக்கமும் எதிரணித் தலைவர் ஜெஃபர்சன் தரப்பு பிரான்ஸ் பக்கமும் சாய்ந்தன. பேச வந்த அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு ஆட்கள் லஞ்சம் கேட்ட செய்தி வெளியாகிப் போர்க் காய்ச்சல் ஏறியது. அந்தச் சூட்டில் ஃபெடரலிஸ்ட்கள் கொண்டுவந்ததுதான் 1798 ராஜதுரோகச் சட்டம். அதிபரையும் காங்கிரஸையும் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவதூறாக எழுதினால் சிறை. துணை அதிபருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏனென்றால் அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் ஜெஃபர்சன்! ஜெஃபர்சன் தரப்பைச் சேர்ந்த வெர்மான்ட் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயனுக்கு 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். அவர் உள்ளே இருந்தபடியே மறுபடி ஜெயித்தார்.

இச்சட்டத்தை மாநிலங்கள் எதிர்க்கலாம் என்ற கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்களை ரகசியமாக எழுதித் தந்தவர்கள் ஜெஃபர்சனும் அவர் கூட்டாளி மேடிசனும். நம் பேச்சுவழக்கில் அதுவல்லவா கூட்டாட்சிக் குரல்? 1787–88இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்த ‘ஆன்டி-ஃபெடரலிஸ்ட்’களைக் ‘கூட்டாட்சி எதிர்ப்பாளர்’ என்றால் கேட்கவே வேண்டாம்; மாநில உரிமைக்காக நின்றவர்களுக்கே அந்தப் பட்டம் போய்விடும்.

என் பரிந்துரை ‘நடுவரசுக் கட்சி’. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘ஃபெடரலிஸ்ட்’ என்று போட்டுவிடலாம். ‘ஒன்றியக் கட்சி’யையும் யோசித்தேன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கட்டுரைகளில் வடக்குத் தரப்பைக் குறிக்கும் ஒன்றியத்தோடு முட்டும். ‘மையவாதி’ என்றால் இடதும் இல்லை வலதும் இல்லை என்றாகிவிடும். ஆட்சிமுறையைக் குறிக்கக் ‘கூட்டாட்சி’ அப்படியே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அப்புறம், ஜெஃபர்சன் கட்சியை மொட்டையாகக் ‘குடியரசுக் கட்சி’ என்று எழுதாதீர்கள். லிங்கன் கட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஜனநாயகக் குடியரசுக் கட்சி’ நீளம்தான், வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.