காமன் கூத்துக் கிரீடம் செய்ய யோசனை சொல்லுங்கள்

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்கள் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மாசியில் ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து வருகிறது. மகளுக்கு ரதி வேஷமும் மகனுக்கு மன்மதன் வேஷமும் கட்டிப் பார்க்க ஆசை. வீடு முழுக்க அட்டை, ஜிகினாத் தாள், பசைதான். டெவோன் அருவி பார்க்கப் போன வழியிலும் மலர் அம்புக்குப் பூ பொறுக்கினார்கள்! கரும்பு வில் அழகாக வந்துவிட்டது.

கிரீடம்தான் சிக்கல். கூத்து விடிய விடிய நடக்கும். நம்மூர்ப் பனியில் அட்டை ஊறித் தொய்ந்துவிடுகிறது. தகரம் பிள்ளைகளுக்குப் பாரம். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் முள்முருங்கைக் கட்டை லேசானதுதானே, அதில் செதுக்கலாமா? வெடிக்காமல் இருக்க எப்படிக் காயவைப்பது? அட்டையே போதுமென்றால் மேலே என்ன பூசலாம்? வேஷம் கட்டிப் பழகியவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். பழைய கிரீடத்தின் படம் இருந்தால் அதையும் போடுங்கள், பிள்ளைகள் ஆவலாகக் காத்திருக்கிறார்கள்.