மறுமொழி: டிசென்ட் என்பதற்கு ‘எதிர்ப்பு’ போதுமா?

> டிசென்ட், ரெசிஸ்டன்ஸ், ஆப்போசிஷன் மூன்றுக்கும் ‘எதிர்ப்பு’ என்றே போடலாம். இடம் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

வணக்கம் ஐயா,

டிசென்ட் (உடன்படாமல் மாறுபடுவது) உள்ளிட்ட இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் நாளிதழ்கள் அப்படித்தான் போடுகின்றன. ஆனால் சென்ற வாரம் நான் மொழிபெயர்த்த கட்டுரையில் மூன்றும் ஒரே வரியில் வந்து நின்றன. ‘எதிர்ப்பு, எதிர்ப்பு, எதிர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கோஷம் போல இருந்தது, வாக்கியமாக இல்லை.

நான் பெரம்பூர்க்காரன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஆலைப் பகுதி எங்களுடையது. வேலைநிறுத்தம் தொழிலாளி செய்வது, கதவடைப்பு முதலாளி செய்வது என்று இங்கே சிறுவனும் பிரித்துச் சொல்வான். மறியல், முற்றுகை, புறக்கணிப்பு என்று செயலுக்குச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. தெருவுக்கு வருவதற்கு முன்னால் மனத்தில் எழும் மறுப்புக்குத்தான் பஞ்சம்.

இலத்தீன் வேரைப் பார்த்தால் டிசென்ட் என்பது வேறாக உணர்தல். டிசிடென்ட் விலகி அமர்பவர். ரெசிஸ்டன்ஸ் எதிர்த்து நிற்றல். ஒன்று உணர்கிறது, ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஒன்று நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘டிசென்டர்’ எனப்பட்டவர் அரசு ஏற்ற திருச்சபைக்கு உடன்படாமல் வேறிடத்தில் வழிபட்டவர். அதற்காக அவர் தடி எடுக்க வேண்டியதில்லை.

நம் குழுவின் தண்டையார்பேட்டை அம்மா டிசென்ட்டுக்கு ‘இடித்துரை’யை (தவறைக் கண்டித்துச் சொல்வது) முன்வைத்திருந்தார். அழகான சொல். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ என்ற குறள் உடனே நினைவுக்கு வருகிறது. தயக்கமும் அங்கேதான். இடித்துரைப்பவர் மன்னனே தேடி அருகில் வைத்துக்கொள்ளும் பெரியவர். டிசென்ட் செய்பவரை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

என் பரிந்துரை ‘இசையாமை’. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலை நடத்த வாங்கும் ஒப்புதலுக்கு ‘இசைவாணை’ என்று பெயர். ஆக, டிசென்ட்டுக்கு எதிர்ச்சொல்லான கன்சென்ட் ஏற்கெனவே இசைவாகி அரசுத் தாளிலேயே உட்கார்ந்துவிட்டது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு மீனவர் எழுந்து ‘எனக்கு இதில் இசைவில்லை’ என்றால் அது கலகமா, கிளர்ச்சியா? இரண்டும் இல்லை. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம். நீதிமன்றத்தின் ‘மாறுபட்ட தீர்ப்பு’ மட்டும் அப்படியே இருக்கட்டும், நன்றாகவே ஓடுகிறது.

சொல்லை அசட்டையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செடிஷன் என்ற ஆங்கிலச் சொல் சாட்சி. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்த்த 124ஏ பிரிவு பேசியது சட்டப்படி அமைந்த அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றி. 1908இல் வ.உ.சி.க்குத் தண்டனை வாங்கித் தந்த பிரிவு அது. அந்தக் குற்றத்தை ராஜதுரோகம் என்றார்கள். ராஜா போனதும் காலி நாற்காலியில் தேசத்தை உட்கார வைத்துத் தேசத்துரோகம் ஆக்கிவிட்டோம். அரசைத் திட்டியவன் நாட்டுக்கே பகைவனாகிவிட்டான்!

*

> என் பரிந்துரை ‘இசையாமை’.

காசிமேட்டில் இருந்து எழுதுகிறேன். முதலில் படித்தபோது பாடுகிற ஆமை என்று நினைத்தேன். டிசிடென்ட்டுக்கு ‘இசையாதார்’ என்று வேறு போட்டுவிடாதீர்கள். பாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஆதார் அட்டை தருகிறார்களோ என்று ஊரார் வரிசையில் நிற்பார்கள்.

*

ஆமையைப் பற்றிக் கவலை வேண்டாம் தம்பி. வெஃகாமை, கள்ளாமை, கொல்லாமை என்று வள்ளுவர் அதிகாரத் தலைப்புகளிலேயே ஒரு கூட்டம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. காந்தி காலத்து ஒத்துழையாமையையும் யாரும் ஓட்டுக்குள் தேடவில்லை.

ஆதார் விஷயத்தில் தோற்றேன். அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ‘இசையாதவர்’ என்று திருத்திக்கொள்கிறேன். அம்மா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு நம் சொற்பட்டியலில் ஏற்றலாம்.