ஷேக்ஸ்பியரை மேடையேற்றத் துடிக்கும் நம்ம கொங்குப் பிள்ளைகள்: பழக்கப்பட்டவர்கள் சொல்லுங்க

கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, கோபி பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழைய ஆங்கில நாடகங்களை நடித்துப் பார்க்க நிறைய ஆசை இருக்கு. எங்கே தொடங்குவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். எந்தக் காட்சி, எத்தனை வரி, எது எங்கே சறுக்கும் என்று அளவோடு எழுதுங்க. அதுதான் அவர்களுக்குக் கை கொடுக்கும்.

சென்னிமலையிலிருந்து:

முதல் முயற்சிக்கு 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' ஐந்தாம் அங்கத்தில் தொழிலாளர்கள் அரண்மனைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டும் பிரமஸ்–திஸ்பி நாடகம்தான் சரி. அரண்மனைக்காரர்கள் நடுநடுவே பேசுவதையும் சேர்த்துச் சுமார் 250 வரி. தொழிலாளர்கள் ஆறு பேர், பார்வையாளர் பக்கம் பேசுகிறவர்கள் நாலு பேர். அவர்களோடு உட்கார்ந்திருக்கும் ஹெர்மியாவும் ஹெலினாவும் அந்த அங்கத்தில் வாய் திறப்பதே இல்லை. மேடைக்கூச்சம் உள்ள இரண்டு பேரை அந்த இடத்தில் உட்கார வையுங்க, அடுத்த வருஷம் அவர்களே வசனம் கேட்டு வருவார்கள்.

பிரமஸாக வருகிற பாட்டம் ஒரு நெசவாளி. 'பாட்டம்' என்பதே நூல் சுற்றுகிற கட்டைக்கு அந்தக் காலப் பெயர். தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளையிடம் "நம்ம தார்க்குச்சி மாதிரிப் பேரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆளை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தொழிலாளர்களில் ஒருவரான குவின்ஸ் பேசும் முன்னுரையில் நிறுத்தற்குறிகள் வேண்டுமென்றே தப்பான இடத்தில் இருக்கும். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவதால், உங்களை மகிழ்விக்க வந்தோம் என்பது உங்களை நோகடிக்க வந்தோம் என்று ஆகிவிடும். நல்லாப் படிக்கிற பிள்ளைகள் அதைத் திருத்திப் படித்துவிடுகிறார்கள், சிரிப்பு அங்கேயே செத்துப் போகிறது. அச்சில் உள்ள புள்ளியில் நின்றுதான் ஆக வேண்டும். இன்னொன்று, அந்த ஆறு பேரும் சிரிப்புக் காட்ட முயலவே கூடாது. உயிரைக் கொடுத்து நடிக்க வேண்டும். சிங்கமாக வருகிறவர், தான் நிஜச் சிங்கம் இல்லை என்று பயந்த பெண்களுக்கு மெய்யாகவே ஆறுதல் சொல்ல வேண்டும்.

கோவையிலிருந்து:

பிள்ளைகள் கவலைப்படுவது உச்சரிப்பைப் பற்றி. அங்கே கவலை வேண்டாம், நம்ம உச்சரிப்பிலேயே ஷேக்ஸ்பியர் அருமையாக நிற்பார். சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. 'இஃப் மியூசிக் பீ த ஃபூட் ஆவ் லவ், ப்ளே ஆன்' என்ற வரியில் பத்து அசை, ஐந்து அழுத்தம். இரண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது, பத்தாவது அசையில் குரல் ஏற வேண்டும். தமிழ் யாப்பு குறில் நெடிலை வைத்து நடப்பது. அதனால் அழுத்தச் சொன்னால் நம் பிள்ளைகள் நீட்டுகிறார்கள். நீட்டினால் வரி இழுபட்டு ஒப்பாரி மாதிரி ஆகிவிடும். தீர்வு எளிது. நடந்துகொண்டே படிக்கச் சொல்லுங்க, அழுத்தம் விழும் ஐந்து இடத்தில் மட்டும் குதிகால் தரையில் தட்ட வேண்டும். தாளம் உடம்பில் ஏறிய பிறகு தட்டுவதை விட்டுவிட்டு, பொருளைப் பார்த்துப் பேச வேண்டும். தாளத்தோடு நின்றுவிட்டால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும்.

'ஸ்டார்ஸ்' என்பது 'இஸ்டார்ஸ்' ஆனால் ஓர் அசை கூடி வரி நொண்டும். நான் திருத்தச் சொல்வது அதை மட்டும்தான்.

ஒன்றில் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே பலம் உண்டு. 'தௌ', 'யூ' வித்தியாசம் நீ, நீங்க மாதிரி. 'கிங் லியர்' முதல் காட்சியில் கென்ட் என்ற பிரபு அரசரைப் பார்த்து 'தௌ' என்று ஆரம்பிக்கும் இடம் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரதியில் 'தௌ' வரும் இடத்தையெல்லாம் ஒரு நிறத்தில் கோடிடச் சொல்லுங்க. யார் யாரிடம் எப்போது மாறுகிறார் என்பதிலேயே பாதி நடிப்பு கிடைத்துவிடும்.

கோபியிலிருந்து:

வெட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். மாணவர்கள் பேசும் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 15 வரி என்று வைத்துக்கொள்ளுங்க. 20 நிமிடப் போட்டி என்றால் 300 வரிதான், அசைவுகளுக்கு இடம் விட்டால் 280. 'மெக்பெத்' முழுதும் 2,100 வரி அளவு. முதல் அங்கம் 3, 5, 7ஆம் காட்சிகள், இரண்டில் 2, மூன்றில் விருந்துக் காட்சி, ஐந்தில் தூக்கத்தில் நடக்கும் காட்சி, இந்த ஆறும் சேர்ந்தால் சுமார் 600 வரி, 40 நிமிடம். சூனியக்காரிகளின் தலைவி ஹெகட்டி வருவதை முழுசாக எடுத்துவிடலாம். அது பிறகு வேறு கையால் சேர்ந்தது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. வரியின் நடுவில் மட்டும் வெட்டாதீங்க, அழுத்தக் கணக்கு குழம்பும்.

மனப்பாடத்துக்கு அந்தக் காலத்து வழியே சிறந்தது. நடிகருக்கு முழு நாடகம் தர மாட்டார்கள். அவருடைய வசனமும், அதற்கு முன்னால் பேசுகிறவரின் கடைசி இரண்டு மூன்று சொல்லும் மட்டும் எழுதிய நீளத் தாள்தான். அப்படிக் கொடுத்துப் பாருங்க, ஒருவர் பேசுவதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் அதில் சிவப்பு மையில் எழுத மறந்தால் ஒத்திகையில் ஆள் வராமல் மேடை காலியாக நிற்கும்.

ஈரோட்டிலிருந்து:

'ஜூலியஸ் சீசர்' எடுக்கிறவர்கள் ஆன்டனிக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறார்கள். சீசர் இறந்த பிறகு புரூட்டஸும் ஆன்டனியும் மக்களிடம் பேசும் காட்சியின் உயிர் கூட்டம். புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறார், ஆன்டனி செய்யுளில். 'புரூட்டஸ் கண்ணியமானவர்' என்பது முதல் முப்பத்தைந்து வரிக்குள் நாலு முறை வரும். நாலுக்கும் கூட்டம் வேறு வேறு மாதிரி அசைய வேண்டும்: முதலில் தலையாட்டல், பிறகு அமைதி, பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பது, கடைசியில் முணுமுணுப்பு. கூட்டத்தில் எட்டுப் பேராவது வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலும் ஒரு கருத்தும் கொடுங்க.

கோவைக்காரர் சொன்ன தாளத்துக்கு ஒரு சேர்க்கை. மெக்பெத் சூனியக்காரிகள் பேசுவது வேறு சந்தம், வரிக்கு நாலு அழுத்தம், முதல் அசையிலேயே விழும். உடுக்கை அதற்கு அழகாகப் பொருந்தும். ஆனால் வசனத்தின் மேல் அடிக்காமல் வரிக்கும் வரிக்கும் இடையில் அடியுங்க, இல்லாவிட்டால் ஒரு சொல் கேட்காது. அண்ணன்மார் கதையில் வீரர்கள் மாண்டு விழும் படுகளத்துக்கு அடிக்கும் உடுக்கை அடியை மட்டும் தொடாதீங்க. பார்க்க வந்தவர்களில் யாருக்காவது அருள் வந்துவிடும், அது சாமி காரியம்.

உரிமை பற்றி ஒரு வரி: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. 1950இல் இறந்த பெர்னார்ட் ஷாவின் நாடகங்களுக்கு இப்போது அனுமதி வேண்டாம். 2005இல் இறந்த ஆர்தர் மில்லருக்கு வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து:

திறந்த மேடை என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை யோசிக்காமல் இடம் குறிக்காதீங்க. மேடையின் முதுகு மேற்கே இருக்கட்டும், காற்று குரலைக் கூட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் மேற்கு வெயில் பார்க்கிறவர்கள் கண்ணில் அடிக்கும், ஆகவே ஏழு மணிக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டாம். பின்திரைக்குக் காடாத் துணி கட்டினால் பாய்மரமாகப் புடைத்து நடிகர் முதுகில் மோதும். பவானி ஜமக்காளம் கனமானது, அடியில் மணல் மூட்டை வைத்துக் கட்டினால் நிற்கும். தூக்கத்தில் நடக்கும் லேடி மெக்பெத் கையில் விளக்கு கட்டாயம் இருக்க வேண்டும், அது நாடகத்திலேயே சொல்லப்பட்டது. மெழுகுவர்த்தி இரண்டு அடி வைப்பதற்குள் அணைந்துவிடும். கண்ணாடிக் கூண்டுக்குள் பேட்டரி விளக்கு வையுங்க.

பலகை மேடையில் தரை மைக் வைத்தால் வசனத்தைவிடக் காலடிச் சத்தம் பெரிசாகக் கேட்கும். மிச்ச ஜமக்காளத்தை மைக்குக்கு அடியிலும் நடக்கும் வழியிலும் விரித்துவிடுங்க.