டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ் தூரம் 28,600 கி.மீ. என்று வருகிறது. எங்கே தப்பு?

கேள்வி:
டோக்கியோ 35.7 வடக்கு, 139.7 கிழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் 34.05 வடக்கு, 118.24 மேற்கு. எக்செல்லில் தீர்க்கரேகை வித்தியாசம் 258 பாகை வந்தது. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 28,600 கி.மீ. ஆகிறது. இன்னொரு சந்தேகம்: போக சுமார் 10 மணி நேரம், திரும்பி வர 12 மணி நேரம் என்கிறார்கள். தூரம் ஒன்றுதானே?

பதில் 1:
பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் இடையே தரைமட்டத் தூரம் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் போகாது. அதைத் தாண்டினாலே கணக்கு தப்பு. உங்கள் கணக்கில் இரண்டு பிழைகள். 180 பாகைக்கு மேல் வந்தால் 360-லிருந்து கழிக்க வேண்டும். 102 பாகைதான் சரி. அடுத்தது, 111 கி.மீ. என்பது நிலநடுக்கோட்டில்தான். 35 பாகை அட்சரேகையில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் அது 91 கி.மீ.

அப்படித் திருத்தினாலும் 9,300 கி.மீ. வரும். அது அட்சரேகையை ஒட்டியே போகும் பாதை. குறுகிய வழி வடக்கே வளைந்து போகிறது, அதற்கு ஹாவர்சைன் (உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே குறுகிய தூரம் காட்டும்) சூத்திரம் வேண்டும். பாகைகளை முதலில் ரேடியனாக்குங்கள். அட்சரேகை வித்தியாசத்தில் பாதிக்கு சைன் எடுத்து வர்க்கப்படுத்துங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அப்படியே செய்து, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களால் பெருக்கி, முன்னதோடு கூட்டுங்கள். இங்கே 0.407 வர வேண்டும். அதன் வர்க்கமூலத்துக்கு ஆர்க்சைன், பிறகு 2 × 6371 (பூமியின் ஆரம், கி.மீ.) ஆல் பெருக்குங்கள். விடை 8,815 கி.மீ.

கேட்டவர்:
0.407 சரியாக வந்தது. ஆனால் கடைசிப் படியில் ஆர்க்சைனுக்குப் பதில் ஏடேன்2 (எக்ஸ், ஒய் என இரண்டு எண்களிலிருந்து கோணம் தரும் ATAN2 சார்பு) போட்டேன், 11,200 கி.மீ. காட்டுகிறது.

பதில் 1:
எக்செல்லின் ஏடேன்2 முதலில் எக்ஸ், பிறகு ஒய் கேட்கும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இது தலைகீழ். வேறு எங்கிருந்தோ எடுத்த சூத்திரத்தை அப்படியே ஒட்டினால் பூமியின் அரைச்சுற்றளவான 20,015 கி.மீ.யிலிருந்து உண்மையான தூரம் போக மீதிதான் கிடைக்கும். உங்களுக்கு வந்திருப்பது அதுவேதான். இடம் மாற்றிப் போடுங்கள்.

பூமி முழு உருண்டை இல்லை என்பதால் 0.5 சதவீதம் வரை பிசகலாம். பறக்கும் நேரத்தில் அது மூன்று நிமிடம்கூட இல்லை, விட்டுவிடலாம்.

பதில் 2:
நேர வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் காற்றோட்டம். வட பசிபிக்கில் விமானம் பறக்கும் உயரத்தில் அது மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகம். விமானம் காற்றில் மணிக்கு 900 கி.மீ. போனாலும், 100 கி.மீ. பின்காற்று இருந்தால் தரைவேகம் 1,000, அதாவது 8.8 மணி. 80 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 820, அதாவது 10.75 மணி. ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணிக்கு மேல் சேருங்கள். போகும் பாதையும் நிலையானது இல்லை. பசிபிக் வழித்தடங்களை அன்றன்றைய காற்றைப் பார்த்து வகுக்கிறார்கள், எதிர்க்காற்றைத் தவிர்க்கச் சுற்றிப் போவதும் உண்டு. அட்டவணையில் தாமதத்துக்கான இடைவெளியும் சேர்ந்திருக்கும்.

பதில் 3:
வந்து சேரும் நேரத்தையும் போடப் போகிறீர்கள் என்றால் உள்ளூர் நேரங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள். எல்லாவற்றையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கணக்கிடுங்கள். டோக்கியோ எப்போதும் +9. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் −8, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை −7. ஜனவரியில் திங்கள் மாலை 5-க்கு டோக்கியோவில் கிளம்பினால் யூடிசி 8:00. பத்து மணி நேரம் கழித்து 18:00, அங்கே அதே திங்கள் காலை 10. கிளம்பியதற்கு ஏழு மணி நேரம் முன்னதாகக் கடிகாரம் காட்டும். எக்செல் எதிர்ம எண்ணை நேரமாகக் காட்டாமல் ##### போடுவது இதனால்தான். யூடிசிக்கு மாற்றிய தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் வையுங்கள்.