பெரிய வேலைக்கு ஆள் கூட்டியும் முடிவுத் தேதி அசையவில்லையே?

புதுமேலாளர்:
சின்ன மென்பொருள் ப்ராஜெக்ட். எல்லாம் வேலை நாள் கணக்கு. தேவைகளை எழுதி ஒப்புதல் வாங்க 5. அதன் பிறகு சர்வர் அமைப்பு 4, கோடிங் 12. இரண்டும் சேர்ந்தே ஓடலாம். சர்வர் தயாரானதும் பழைய டேட்டாவை ஏற்ற 9. கோடிங், டேட்டா இரண்டும் முடிந்தால்தான் டெஸ்டிங், 6. கோடிங் முடிந்ததும் பயனர் பயிற்சி, 3. டெஸ்டிங்கும் பயிற்சியும் முடிந்த பின் வெளியீடு, 1.

கோடிங்தானே இருப்பதிலேயே பெரியது? இன்னொருவரைச் சேர்த்து அதை 9 நாளாக்கினால் மொத்தத்தில் 3 நாள் குறைய வேண்டாமா? எக்செல் 25-லேயே நிற்கிறது. ஃபார்முலா தப்பா?

கணக்கன்:
எக்செல் சரிதான். தனி வேலையின் நீளத்தை விடுங்கள், தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு வழியையும் கூட்டுங்கள். தேவை, சர்வர், டேட்டா, டெஸ்டிங், வெளியீடு: 25. தேவை, கோடிங், டெஸ்டிங், வெளியீடு: 24. பயிற்சி வழியாகப் போனால் 21. நீளமான வழிதான் கிரிட்டிக்கல் பாத். கோடிங் அதில் இல்லவே இல்லை.

கோடிங் 17-ஆம் நாள் முடியும். டேட்டா 18-இல் முடிவதால் டெஸ்டிங் அதுவரை காத்திருக்கும். ஆக கோடிங்குக்கு ஒரு நாள் ஃப்ளோட், அதாவது வெளியீட்டைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய இடைவெளி. ஆனால் அந்த ஒரு நாளும் இலவசமில்லை: கோடிங் தள்ளினால் வெளியீடு தள்ளாது, பயிற்சியின் தொடக்கம் தள்ளும். பயிற்சியாளருக்குத் தேதி கொடுத்திருந்தால் வம்புதான்.

சரி, டேட்டாவை 9-லிருந்து 6 ஆக்கினால் 22 வருமா? வராது, 24தான். முதல் நாளைக் குறைத்தவுடனேயே கோடிங் வழியும் கிரிட்டிக்கல் ஆகிவிடும். மீதி இரண்டு நாளுக்குச் செய்த செலவு வீண். ஒரு நாள் குறையுங்கள், மறுபடி கூட்டுங்கள், பிறகு அடுத்ததை யோசியுங்கள். 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தில் இந்த முறை உருவானதே இதற்காகத்தான்: எல்லா வேலையையும் விரட்டாமல், எதற்குப் பணம் செலவழித்தால் நாள் குறையும் என்று கண்டுபிடிக்க.

வரைபலகை:
ஒன்று விட்டுப்போச்சு. கோடிங்கையும் டேட்டாவையும் செய்வது யார்? ஒரே ஆள் என்றால் மேலே சொன்ன 25 காகிதத்தில் மட்டும்தான். சர்வரை வேறொருவர் பார்த்துக்கொண்டாலும் 5 + 12 + 9 + 6 + 1, அதாவது 33. வேலைகளின் வரிசையை மட்டும் வரைந்து ஆளின் பெயரை எழுதாத அட்டவணையில் இது கண்ணில் படாது. அப்படி இருந்தால், புதிதாகச் சேர்ப்பவரைக் கோடிங்கில் போடாதீர்கள், டேட்டாவில் உட்கார வையுங்கள். அவர் அதே 9 நாளில் முடிப்பார் என்றால் 33 மறுபடி 25 ஆகும்.

புதுமேலாளர்:
ஒரே ஆள்தான்! அட்டவணையை மாற்றுகிறேன். டேட்டாவுக்கு 9 நாள் என்பதை எவ்வளவு நம்பலாம்?

கணக்கன்:
செய்யப்போகிறவரிடமே மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் சரியாகப் போனால், வழக்கமாக, மோசமானால். 6, 8, 16 என்றால் நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்; 54/6 = 9. திட்ட விலக்கம், அதாவது உண்மையான நாள் இந்த 9-ஐ விட்டுப் பொதுவாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு, (16 − 6)/6, ஏறக்குறைய 1.7. வழக்கமான 8-ஐ மட்டும் அட்டவணையில் போடுபவர்கள்தான் அதிகம், தள்ளிப்போவதும் அங்கேதான்.

வரைபலகை:
கூடவே, “90 சதவீதம் முடிந்தது” என்ற பதிலை ஏற்காதீர்கள். டேட்டாவை ஓரிரு நாள் துண்டுகளாக்கி, முடிந்தால் 100, இல்லாவிட்டால் 0 என்று மட்டும் குறியுங்கள். “வாடிக்கையாளர் டேபிள் ஏற்றியாயிற்று” என்பது முடிவல்ல. பழையதிலும் புதியதிலும் வரிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகணும், நிலுவைத் தொகைகளின் கூட்டல் ஒத்துப்போகணும், 03/04 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்று தீர்ந்திருக்கணும். எண்ணிக்கை பொருந்தி கூட்டல் பொருந்தாத டேபிள் நிச்சயம் ஒன்றாவது வரும். அதற்கு இன்னும் 0தான்.