பர்மா, பெகு பக்கம்: தாய்க்கோழி அடியிலேர்ந்தே குஞ்சு காணாம போகுது, பாம்புதானா?

வயலோரத்து வீடு:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்க வீடு பெகுவுக்கு வெளிய வயலோரம், கால் வச்ச மர வீடு, கோழிங்க எல்லாம் வீட்டுக்கு அடியிலதான் அடையும். நாட்டுக்கோழி ஒண்ணு பொரிச்சு குஞ்சோட நல்லா மேஞ்சுட்டு இருந்துச்சு, மழை புடிச்சதுலேர்ந்து ராத்திரியில குஞ்சு குறைஞ்சுகிட்டே வருது. ரத்தம் இல்ல, இறகு சிதறல, தாய் கத்துன சத்தமும் கேக்கல. நேத்து காலைல ஒண்ணு மட்டும் செத்து கெடந்துச்சு, தலையும் கழுத்தும் எச்சில் பட்ட மாதிரி நனைஞ்சு ஒட்டிப் போய். மூங்கில் பஞ்சாரத்த கவுத்து மேல கல்லு வச்சுத்தான் அடைக்கறோம், சுத்தி கோழி வலை வேற கட்டியிருக்கு. மாமியார் பூண்ட நசுக்கி போடுங்கறாங்க, பக்கத்து வீட்டு பர்மாக்காரர் அந்துருண்டை போதும்ங்கறாரு, வீட்டுக்காரரோ ராத்திரி கம்போட உக்காந்து அடிச்சிடலாம்ங்கறாரு. சின்னப் புள்ளைங்க முட்டை எடுக்க அடியில நுழையும், எனக்கு அதான் பயமே. என்ன பண்ணலாம்?

வாத்துக்காரன்:
தங்கச்சி, பாம்புதான், சந்தேகமே வேணாம். எலின்னா கால கடிச்சு இழுத்திருக்கும், பாதி தின்னுட்டு போட்டிருக்கும். கீரி பூந்தா கழுத்த கடிச்சு ரெண்டு மூணு கொன்னு போட்டுட்டு போயிடும், ரத்தமா கெடக்கும். தலை நனைஞ்சு ஒட்டிக் கெடந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அது முழுங்கப் பாத்து தொண்டையில போகாம கக்கிட்டுப் போனது. அப்ப வந்தது ரொம்ப பெரிய பாம்பா இருக்காது.

நீங்க கட்டியிருக்கறது அறுகோண ஓட்டை கோழி வலையா? அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், பாம்புக்கு அது வாசக்கதவு. ஒரு அங்குல ஓட்டையில சாரை மாதிரி பாம்பு சுளுவா உள்ள பூந்துடும், குஞ்ச முழுங்குன பெறகு வயிறு உப்பி வெளிய வர முடியாம உள்ளயே சுருண்டு கெடக்கும், காலைல நீங்க பஞ்சாரத்த தூக்குனா கைக்கு நேரா அதுதான் இருக்கும். பஞ்சாரம் அதவிட மோசம், மூங்கில் சந்து ஒவ்வொண்ணும் ஒரு வழி, தரை மேடுபள்ளமா இருந்தா அடியிலயும் வழி. சதுர ஓட்டை கம்பி வலை, கால் அங்குலம், அதுதான் வேணும். அரை அங்குலம் போட்டா குஞ்சு தின்ற அளவு பாம்பு பெரும்பாலும் தடுக்கும், ஆனா சுண்டெலி பூந்துடும், எலி வந்தா பின்னாலயே பாம்பு வரும். அதான் கால் அங்குலமே போட்டுடுங்க.

தாட்டோன் அக்கா:
பூண்டு, அந்துருண்டை, கந்தகம் இதெல்லாம் பாம்பு கிட்ட எடுபடாதும்மா. அந்துருண்டையும் கந்தகமும் வச்சு சோதிச்சே பாத்திருக்காங்க, பாம்பு அது மேலயே ஏறிப் போயிருக்கு. அந்துருண்டைய குஞ்சு கொத்துனா குஞ்சுதான் சாகும், புள்ளைங்க வாயில போட்டா இன்னும் வம்பு. எங்க பாட்டி காலத்துல வாசல்ல ஆகாசகருடன் கெழங்கு கட்டுவாங்க, கட்டுங்க வேணாங்கல, அத நம்பி கூட்ட தெறந்து மட்டும் போடாதீங்க.

முதல்ல தீனியப் பாருங்க. ராத்திரி தவிடு, நொய்யி தரையில கெடந்தா எலி வரும், எலிக்குத்தான் பாம்பு வருது, குஞ்சு அதுக்கு வழியில கெடச்சது. தீனிய மூடி போட்ட டிரம்ல வைங்க, பொழுது சாயறதுக்குள்ள சிந்துனத கூட்டி அள்ளிடுங்க, முட்டைய அன்னன்னைக்கே எடுத்துடுங்க. வீட்டுக்கு அடியில அடுக்கி வச்சிருக்கற வெறகு, பழைய கூரை ஓலை, செங்கல், வைக்கோல் எல்லாத்தயும் தூர கொண்டு போங்க. மழையில வயல் முழுசும் தண்ணியானா மேட்டு நெலம் எங்க இருக்கோ அங்கதான் எல்லாம் ஏறும், உங்க வீடு மேடு.

படகுத்துறை:
இவ்வளவு செலவு எதுக்கு? பழைய மீன் வலைய கூட்டச் சுத்தி கொசகொசன்னு போட்டு வைங்க, பாம்பு தலைய விட்டா செதில் மாட்டி திரும்ப முடியாது. காலைல கம்பால அடிச்சா வேலை முடிஞ்சுது.

வாத்துக்காரன்:
தம்பி, மாட்டும்தான், நான் இல்லங்கல. கூடவே குஞ்சும் தவளையும் மாட்டும். உயிரோட மாட்டுன நாகத்த வெள்ளிக்கிழமை காலைல யாரு அவுக்கறது? அந்த வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குன்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கு.

அதுவும் போக குஞ்சு திங்கறதுல பாதிக்கு மேல வெஷமில்லாத ஜாதி. சாரை ஒண்ணு. இன்னொண்ணு நம்ம ஊர்ல நெறைய உண்டு, செம்பு கலரு தலை, கண்ணுலேர்ந்து மூணு கருப்புக் கோடு பிரியும், முன்னுடம்புல நீளமா பட்டை இருக்கும், மடக்குனா வாயத் தெறந்து செத்த மாதிரி நடிக்கும், வயல்ல எலிய ஒழிக்கறதே அதுதான். படத்துல ஒத்தக் கண்ணு மாதிரி அடையாளம் இருக்கற நாகமும், ம்வேப்வேன்னு பர்மாக்காரங்க சொல்ற கண்ணாடி விரியனும்தான் முக்கியமான ஆபத்து. ராத்திரி கம்போட உக்காந்து அடிக்கப் போனா கடி வாங்கறது பெரும்பாலும் அடிக்கப் போனவருதான், வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. பெகுலயே மலைப்பாம்ப வச்சு கும்புடற மடம் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் அடிக்க ஒத்துக்கவும் மாட்டாரு.

தாட்டோன் அக்கா:
இதையும் சொல்லிடறேன். கடிச்சிட்டா கயித்தால இறுக்கிக் கட்டறது, பிளேடால கீறறது, வாய வச்சு உறியறது எதுவும் வேணாம். கால ஆட்டாம கட்டைய வச்சு கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. விரியன் கடியில வலி கொஞ்சமா இருக்குன்னு காத்திருக்காதீங்க, சிறுநீரகத்த புடிச்சிடும். ரங்கூன் இன்சின்ல தயாராகற வெஷமுறிவு மருந்து விரியனுக்கு தனி, நாகத்துக்கு தனி, அதனால தூர நின்னு போன்ல ஒரு போட்டோ எடுக்க முடிஞ்சா எடுங்க, பாம்ப தேடி வெரட்டாதீங்க.

வயலோரத்து வீடு:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. ஆனா கூடு முழுசுக்கும் அந்த வலை போடற அளவுக்கு இப்ப கைல இல்ல, இன்னைக்கு விலைக்கு அது யானை விலை. கரண்டும் எப்ப வரும்னு தெரியாது, பல்பு போட்டு வைக்கவும் முடியாது.

வாத்துக்காரன்:
கூடு முழுசுக்கும் எதுக்கு? குஞ்சு ராத்திரி தூங்கற எடம் மட்டும் போதும். பழைய பலகையில ஒரு பொட்டி, தாயும் குஞ்சும் படுக்கற அளவு, அடியும் பக்கமும் சந்தில்லாம பலகை, மேல் மூடியும் முன்பக்கமும் மட்டும் வலை, கொஞ்ச வலைல முடிஞ்சுடும். காத்து போற மாதிரி ரெண்டு பக்கம் வலை இருந்தே ஆகணும், பங்குனி சித்திரை வெக்கையில மூடுன பொட்டியில குஞ்சு வெந்து செத்துடும். வலைய ஆணி அடிச்சா மட்டும் பத்தாது, ஓரத்துல மெல்லிய பட்டைக் கட்டைய வச்சு அது மேல அடிங்க, இல்லன்னா ரெண்டு ஆணிக்கு நடுவுல தூக்கிக்கும். கதவுக்கு கொக்கி ரெண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ஒரே கொக்கின்னா கீழ் மூலையில விரல் போற சந்து விழும், அது போதும் பாம்புக்கு. பொட்டிய தரையில வைக்காம வீட்டுக்குள்ள ஏத்திட்டா இன்னும் நல்லது, நாத்தம் வரும்தான், உமி போட்டு தெனமும் மாத்துங்க. ரெண்டு மாசம் ஆகி குஞ்சு வளர்ந்து கோழியோட மேல ஏறி அடைய ஆரம்பிச்சா பெறகு இவ்வளவு பயம் இல்ல, மலைப்பாம்பு வந்தா மட்டும்தான்.

முட்டை எடுக்கற வேலை இனி பெரியவங்க கைல இருக்கட்டும், முதல்ல டார்ச் அடிச்சுப் பாத்து, கம்பால கூட்டத் தட்டிட்டு அப்புறம்தான் கை.

வயலோரத்து வீடு:
பலகை கெடக்கு அண்ணே. வீட்டுக்குள்ள ஏத்தத்தான் மாமியார் விடணும், கேட்டுப் பாக்கறேன்.