குடிலைப் பிரித்த நாள்

சிறுவயது நத்தார் (கிறிஸ்துமஸ்) என்றால் எனக்கு 2004தான். அப்போது ஒன்பது வயது. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு.

எங்களுக்கு நத்தார் மழையோடுதான் வரும். மூங்கில் சீவி, ரிசுத்தாள் ஒட்டி அப்பா செய்யும் நட்சத்திரக் கூட்டை வாசலில் தூக்கினால், அடுத்த நாளே சிவப்புச் சாயம் சுவரில் வடிந்திருக்கும். அப்பா சலிக்காமல் திரும்ப ஒட்டுவார். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் முன் அறையில் பாதி இடத்தைப் பிடித்துவிடும். பாலன் இயேசு சுரூபம் மட்டும் 24ஆம் தேதி இரவு வரை அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் கடைசிப் பிள்ளையான நான்தான் அதை எடுத்துக் கிடத்த வேண்டும். ஊரடங்கு இருந்த வருடங்களில் பூசை பின்னேரமே முடிந்துவிடுமாம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அந்தப் பயம் குறைந்திருந்தது. வந்து படுத்துக் கண்ணயரும்போது பக்கத்துச் சைவக் கோயிலில் திருவெம்பாவைக்குச் சங்கூதுவது கேட்கும். எனக்கு அதுவும் நத்தார்ச் சத்தம்தான்.

அந்த வருடம் மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகத்தில் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடம் மறுக்கும் சத்திரக்காரன் வேடம் எனக்கு. அப்பாவின் சாரம், துவாயில் தலைப்பாகை. “இங்கே இடமில்லை, போங்கோ” என்பதுதான் முழு வசனமும். கடைசி வரிசைக்கும் கேட்டது என்று பாதர் முதுகில் தட்டினார். இரண்டு நாளாக வீட்டில் அதையே சொல்லித் திரிந்தேன்.

26ஆம் தேதி ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை. திருக்குடும்பத் திருவிழாவும் அன்றுதான். அப்பா முதல் பூசை கண்டுவிட்டு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணியை அண்டி, “கடல் வருது” என்று கத்திக்கொண்டு சனம் மேட்டுப் பக்கம் ஓடி வந்தது. கடல் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. சுனாமி என்ற சொல்லைப் பின்னேரம் வானொலியில்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

அம்மா கேற்றை அகலத் திறந்து, “உள்ளே வாங்கோ, உள்ளே வாங்கோ” என்று கூப்பிட்டார். யார், எவர் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முப்பது பேர் வரை வந்துவிட்டார்கள். நனைந்த உடுப்பு, தலைமயிரில் மணல், சிலருக்கு ஒற்றைச் செருப்பு. விருந்தாளிகளுக்கென்று ரின்களில் அடைத்திருந்த கொக்கிஸ், முறுக்கு எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தன. ஒரு வயதான முஸ்லிம் அம்மாவுக்கு நான் கேக் துண்டை நீட்ட, அம்மா ஓடிவந்து, “அதில் பிரண்டி இருக்கு” என்று தடுத்துப் பயத்தம் உருண்டையைக் கொடுத்தார். அந்த அவதியிலும் அவருக்கு அது நினைவு இருந்தது.

படுக்க இடம் போதவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் குடிலைப் பிரிக்கத் தொடங்கினார். ஜனவரியில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் வரை அதில் ஒரு வைக்கோலைக்கூட அசைக்க விடாத மனிதர் அவர். மாதாவையும் சூசையப்பரையும் யன்னல் விளிம்பில் வைத்தார். பாலனை என் கையில் தந்து, “அலுமாரியில் வையுங்கோ” என்றார். குடில் இருந்த இடத்தில் பாய் விரித்தார். அன்றிரவு அதில் ஒரு கைக்குழந்தையும் தாயும் படுத்தார்கள்.

இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் போனார்கள். நத்தாருக்கு மறுநாள் கடவுள் ஏன் அதை விட்டார் என்று வளர்ந்த பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எந்தப் பிரசங்கமும் எனக்குப் பதிலாகவில்லை. பல்கலைக்கழகக் காலத்தில் இரண்டு வருடம் கோயில் பக்கமே போகவில்லை. ஆனால் விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா நற்செய்தியில் எழுதியதை எங்கே கேட்டாலும், வைக்கோலைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வெளியே போகும் அப்பாதான் கண்ணில் வருவார். திரும்பிப் போனது அதனால்தான்.

இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் குடிலை ஒரு பலகையின் மேல்தான் கட்டுகிறோம். தேவைப்பட்டால் இரண்டு பேர் பிடித்து ஒரே தூக்கில் எடுத்து வைக்கலாம்.